தண்ணிக்காரி படத்துக்கு மாலை

ஓவென்று ஒரு பெண்ணின் அலறல். நகராட்சி ஆபீசின் முன்கூடத்திலிருந்து கிளம்பி, பின்கட்டு வரை வந்து மோதியது. டைப் அடிக்கும் சத்தம் பட்டென்று நின்றது. ஊருணியிலிருந்து கொண்டுவந்த தண்ணீரைப் பானையில் ஊற்றிக்கொண்டிருந்த அன்னக்கிளி, குடத்தைச் சாய்த்தபடியே நின்றுவிட்டாள். பானை வழிந்து பாதத்தை நனைத்தது. செத்தது யாரென்று தெரியவில்லை. ஆனால் அழுகிறவள் யாரென்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. ஆறேழு வருஷமாகக் காதில் விழாத குரல். ஒக்கூரில் வாழ்க்கைப்பட்ட அக்கா அழகியின் குரல்.

குடத்தை இறக்கி வைக்கத் தோன்றாமல் இடுப்பில் இடுக்கிக்கொண்டே ஓடினாள். கூடத்துக் கதவருகே வந்ததும் கால் நின்றுவிட்டது.

பூப்போட்ட ஆத்தங்குடிக் கல் தரையில் அக்கா தலைவிரி கோலமாக உட்கார்ந்து மாரில் அடித்துக்கொண்டிருந்தாள். எதிரே சுவரில் தொங்கியது அன்னக்கிளியின் படம். அதற்கு ஆளுயரச் செவ்வந்தி மாலை. நெற்றியில் சந்தனம், குங்குமம். கீழே ஊதுபத்திச் சாம்பல்.

படம் வந்தது ஆகஸ்டில். சுதந்திர வெள்ளிவிழாவுக்காக உள்ளூர் ஓவியர்களின் படங்களை நகராட்சிக் கட்டடத்தில் மாட்ட வேண்டும் என்று புதுக் கமிஷனர் ஏற்பாடு செய்தார். ஒருவர் தாஜ்மகால் கொண்டுவந்தார். ஒருவர் தாமரைக் குளத்தில் இரண்டு அன்னம் கொண்டுவந்தார். ஊருணிக்குப் போகும் வழியில் கடை போட்டிருந்த போர்டு எழுதும் சபியுல்லா மட்டும், தினமும் தன் கடையைத் தாண்டிக் குடத்தோடு போகிற அன்னக்கிளியை வரைந்து கொண்டுவந்தார். நனைந்த தோள், ஒருபக்கம் சாய்ந்த நடை, இடது புருவத்தை வெட்டிப் போன தழும்பு, ஒன்றும் தப்பவில்லை. நகராட்சிக்குத் தண்ணீர் சுமக்கிறவள் நகராட்சிச் சுவரில் இருக்கட்டும் என்று கமிஷனர் அதை நடுக்கூடத்திலேயே மாட்டச் சொல்லிவிட்டார். அன்னக்கிளிக்கு உடம்பெல்லாம் கூசியது. அன்றிலிருந்து அவள் போக்குவரத்தெல்லாம் பின்வாசல் வழிதான்.

மாலை வந்த கதை இன்னும் சின்னது. ஆயுத பூஜைக்குப் பியூன் கோட்டைச்சாமி டைப் மெஷின், சைக்கிள், மணி, பீரோ என்று எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்தார். சட்டம் போட்டுச் சுவரில் தொங்குகிறது எதுவானாலும் மாலை போட வேண்டும் என்பது அவருடைய சர்வீஸ் பழக்கம். தலைவர்களுக்குப் போட்டார். தாஜ்மகாலுக்கும் போட்டார். அன்னக்கிளிக்கும் போட்டார். விடுமுறை முடிந்து இன்றைக்குத்தான் ஆபீஸ் திறந்திருந்தது. மாலைகளை இன்னும் கழற்றவில்லை. மகள் வயிற்றுப் பேரனுக்குப் பிறப்புச் சான்று வாங்க முதல் பஸ்ஸில் வந்திறங்கிய அழகி, படியேறியதும் கண்டது அதைத்தான்.

"தண்ணிக் கொடம் சொமந்தவளே, நீ
தாகத்தோட போனியேடி!
எழவுக்கும் வரமாட்டேன்னு, நான்
என் வாயால சொன்னேனடி!"

சொன்னாள்தான். அன்னக்கிளியின் புருஷன் தங்கச்சாமி பாரவண்டியிலிருந்து விழுந்து இடுப்பொடிந்து படுத்த வருஷம் அது. நிலபுலம் உள்ள வீட்டில் பிறந்தவள் கண்டவன் குடிக்கத் தண்ணீர் சுமப்பதா, புருஷனைத் தூக்கிக்கொண்டு ஒக்கூருக்கு வா என்று அழகி கூப்பிட்டாள். அக்கா மாமியார் போடுகிற சோற்றைத் தலைகுனிந்து தின்பதைவிடக் குடத்தைத் தலைநிமிர்ந்து சுமக்கலாம் என்று தங்கை சொல்லிவிட்டாள். அன்றைக்கு அழகி வீசிய வார்த்தை அது. பிறகு அழகியின் மகள் கல்யாணத்துக்கு அன்னக்கிளி ஒரு பித்தளைக் குடம் வாங்கி பஸ்ஸில் கொடுத்துவிட்டாள். அதே பஸ்ஸில் அது திரும்பி வந்தது.

இப்போது அந்தக் குடமும் ஒப்பாரியில் வந்தது. திருப்பி அனுப்பிவிட்டுத் தோட்டத்துப் பக்கம் போய் அழுததும் வந்தது. சந்தைக்கு வரும்போதெல்லாம் ஆபீஸ் எதிர்ச் சாரியில் நின்று, தங்கை தட்டுப்படுகிறாளா என்று பார்த்துப் பார்த்துப் போனதும் வந்தது. வரமாட்டேன் என்று சொன்ன ஒரு சொல்லுக்காகச் சாவுச் சேதி கூடச் சொல்லி விடவில்லையே என்று தரையில் அறைந்தாள்.

அன்னக்கிளி கதவோரம் ஒட்டி நின்றாள். வெளியே போனால், தான் உயிரோடு இருப்பது தெரிந்துவிடும். தெரிந்துவிட்டால் அக்கா பேச்சை நிறுத்திவிடுவாள். அவள் வீம்பு ஊரறிந்தது.

கோட்டைச்சாமி வேர்த்து விறுவிறுத்து ஓடி வந்தார். "ஏத்தா, நீ செத்துப்போயிட்டேன்னு அங்குட்டு ஒரு பொம்பள கூடத்தையே ரெண்டாக்குது. சட்டுனு வந்து மூஞ்சியக் காட்டு. கமிஷனரு வர்ற நேரம்."

"செத்த நேரம் பொறுங்கண்ணே," என்றாள் அன்னக்கிளி. "அவ பேசி முடிச்சுக்கிறட்டும்."

அழுகை தேய்ந்து விக்கலாக மாறியது. எழவு வீட்டில் அழுது ஓய்ந்தவர்களுக்குத் தண்ணீர் கொடுக்க யாராவது ஓர் ஆள் வேண்டும். அன்னக்கிளி குடத்தை இறக்கிவிட்டு, டம்ளரில் மொண்டு எடுத்துப் போய் நீட்டினாள். அழகி நிமிராமலே வாங்கி மடமடவென்று குடித்தாள். டம்ளரைத் திருப்பிக் கொடுக்கையில்தான் கண்ணில் பட்டது, ஈரப் பாதம். பாதத்திலிருந்து சேலை. சேலையிலிருந்து முகம்.

டம்ளர் உருண்டு பீரோவுக்கு அடியில் போனது. அழகியின் கை தானாக எழுந்து தங்கையின் புருவத் தழும்பைத் தொட்டது. சின்ன வயதில் அவளே கல்லெறிந்து உண்டாக்கிய தழும்பு. விரல் சுடுவதுபோல் உடனே பின்வாங்கியது. கொண்டையை முடிந்தாள். மூக்கைச் சிந்தினாள். எழுந்து, தங்கைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள்.

"அக்கா," என்றாள் அன்னக்கிளி.

அழகி திரும்பவில்லை. படத்தைப் பார்த்துக் கேட்டாள். "ஏன்டி, வேளைக்குத் திங்கிறியா? தோள்பட்டை எலும்பு துருத்திக்கிட்டுத் தெரியுது."

அன்னக்கிளி ஒரு கணம் திகைத்தாள். பிறகு அவளும் படத்தையே பார்த்துச் சொன்னாள். "திங்கிறேங்க்கா."

"ஒம் புருஷன் எந்திருச்சு நடமாடுறாரா?"

"கம்பு ஊண்டி வாசவரைக்கும் வாராக."

சான்றுப் பிரிவு குமாஸ்தா, கூத்துப் பார்த்தபடியே, அழகியின் மனுவில் ஏதோ விட்டுப்போயிருப்பதாகவும் அடுத்த வாரம் வரும்படியும் சொல்லி அனுப்பினார். அதற்குள் கமிஷனர் வந்துவிட்டார். விஷயத்தைக் கேட்டதும் அவர் முகம் சுருங்கிவிட்டது. நல்லெண்ணத்தில் செய்தது இப்படி ஓர் அமங்கலத்தில் முடிந்ததே என்று கோட்டைச்சாமியைக் கடிந்துகொண்டார். உயிரோடு இருப்பவளின் படம் இனி இங்கே வேண்டாம், பத்திரமாகக் கழற்றி வரைந்தவரிடமே ஒப்படைத்துவிடு என்றார். இதற்குள் யாரோ சொல்லி ஓடிவந்த சபியுல்லா, விரலில் பெயின்ட்டோடு வாசலிலேயே நின்றார். படத்தையும் ஆணியையும் மாறி மாறிப் பார்த்தார்.

கோட்டைச்சாமி ஸ்டூலைப் போட்டு ஏறினார். மாலையைக் கழற்றினார். குங்குமத்தைத் துண்டால் துடைத்தார். சட்டத்தின் இரண்டு பக்கமும் கைகொடுத்துத் தூக்கப் போனார்.

பஸ்ஸுக்குக் கிளம்பிப் படியிறங்கியிருந்த அழகி விடுவிடுவென்று திரும்பி வந்து, ஸ்டூலின் காலைப் பிடித்துக்கொண்டாள்.

"மாலைய மட்டும் எடுத்துக்கங்க. படத்தையும் கழட்டிப்புட்டீகன்னா, அடுத்த வாரம் வந்து நான் யாருகிட்டத்தான்யா பேசுறது?"