உச்சக் காரத்துக்கு ஒரு சீட்டு

வெளியூரிலிருந்து வருகிறவர்களுக்காக ஒரு பக்கம் எழுதிக் கொடுங்கள் என்று சுற்றுலாச் சங்கத்துக்காரர்கள் வந்து நின்றார்கள். எங்கள் கட்சுவுரா ஊரின் சிவப்பு ராமென் நூடுல்ஸை எப்படிக் கேட்டு வாங்குவது, எப்படிச் சாப்பிடுவது என்று எழுத வேண்டுமாம். எனக்கு எழுத வராது, திட்டத்தான் வரும். திட்டுகளையெல்லாம் கழித்துப் பார்த்தால் அரைப் பக்கம் தேறியது.

என் கடைக் கதவைத் திறந்ததும் இடப்பக்கம் சீட்டு இயந்திரம் இருக்கிறது. காசைப் போட்டுப் பொத்தானை அழுத்துங்கள். வருகிற சீட்டை மேடையில் வைத்துவிட்டுப் பேசாமல் உட்காருங்கள். சாதா, நடுக் காரம், பெருங்காரம், உச்சக் காரம் என்று நாலு பொத்தான். தோக்கியோவிலிருந்து வருகிற ஆண்பிள்ளைகள், கூட ஒரு பெண் வந்திருந்தால், கண்ணை மூடிக்கொண்டு நாலாவதை அழுத்துவார்கள். பிறகு தங்கள் ஊரில் எல்லா ராமெனையும் உறிஞ்சுகிற பழக்கத்தில் இதையும் உறிஞ்சுவார்கள். எங்கள் கிண்ணத்தில் மேலே மிதப்பது முழுக்க மிளகாய் எண்ணெய். உறிஞ்சினால் நேராகத் தொண்டையில் போய் அடிக்கும். இருமி இருமி வெள்ளைச் சட்டை முழுக்கச் சிவப்பாகி, வந்த பெண்ணே முதுகைத் தட்டிவிட வேண்டியிருக்கும். உறிஞ்சத் தெரியாத வெளிநாட்டுக்காரர்கள் மெல்ல மெல்ல வாயில் தள்ளிக் கிண்ணத்தைக் காலி செய்துவிட்டுப் போகிறார்கள்.

ஆகவே முதல் வாயை உறிஞ்சாதீர்கள். அடியில் கிடக்கும் வெங்காயத்தையும் கொத்துக்கறியையும் சின்ன அரிகரண்டியால் அள்ளிக்கொள்ளுங்கள். தண்ணீர் குடித்தால் காரம் பரவும், வெள்ளைச் சோறு வாங்கிக்கொள்ளுங்கள். கிண்ணத்தை மேடையின் மேல்தட்டில் வைப்பேன், நீங்களே இறக்கிக்கொள்ள வேண்டும். எனக்கு இருப்பது இரண்டு கைதான்.

ஒன்றை மட்டும் எழுதவில்லை. சாப்பிடும்போது பக்கத்தில் இருப்பவர் முகத்தை யாரும் பார்க்க மாட்டார்கள். யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை. இங்கே உட்காருகிற எல்லோருக்கும் கண்ணும் மூக்கும் ஒழுகும். இதில் யார் யாரைப் பார்த்து என்ன கேட்பது? எங்களுடையது மீன்பிடித் துறைமுகம். ஆண்பிள்ளை அழுதால் அடுத்த பத்து வருஷத்துக்குப் பேச்சு. அழுதாலும் குற்றமில்லாத இடம் இந்த ஊரில் என் கடையின் ஒன்பது நாற்காலிகள்தான் என்பது தமோட்சு அண்ணன் வந்து உட்காரும்வரை எனக்கே தெரியாது.

தமோட்சு அண்ணனுக்கு அறுபத்து மூன்று வயது. இவாசே கேப்டனின் படகில் எஞ்சின் பார்க்கிறவர். காலைச் சந்தையில் கருவாடு விற்ற இட்சுகோ அவருடைய மனைவி. பிள்ளை கிடையாது. நவம்பரில் இட்சுகோ போய்ச் சேர்ந்தாள். ஈரலில் நோய், மூன்றே மாதம். சாவுக்கு வந்தவர்களுக்கெல்லாம் அண்ணன் தானே தேநீர் ஊற்றிக் கொடுத்தார், குனிந்து வணங்கினார், பிணத்தை எரித்து எலும்பு பொறுக்கும்போதுகூட ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. சந்தைப் பெண்கள் அவருக்குக் கல்நெஞ்சக்காரன் என்று பேர் வைத்தார்கள். நானும் அதற்குத் தலையாட்டினேன், பொய் சொல்வானேன்.

பத்து வருஷமாக நடுக் காரத்துக்கு மேல் போகாத மனுஷன், இட்சுகோ போன ஐம்பதாம் நாளிலிருந்து தினமும் பதினொன்றரைக்கு வந்து உச்சக் காரத்துக்குச் சீட்டு எடுக்க ஆரம்பித்தார். கண்ணிலிருந்து தண்ணீராகக் கொட்டும். துடைத்துக்கொண்டு, கிண்ணத்தை மேல்தட்டில் ஏற்றிவிட்டு, "நல்லா இருந்துச்சும்மா" என்று போய்விடுவார். காரம் பழகிவிட்டார் என்று நினைத்தேன்.

ஜனவரி கடைசியில் ஒருநாள், எப்போதும் அண்ணனோடு சேர்ந்து வருகிற கேப்டன் மட்டும் வந்தார்.

"சுமியேக்கா, அந்தாளுக்கு இனிமே காரம் குடுக்காத. நேத்து படகுல ரத்தமா வாந்தி எடுத்தான்."

"டாக்டர் என்ன சொன்னாரு?"

"பெரிய ஆஸ்பத்திரிக்குச் சீட்டு எழுதிக் குடுத்திருக்காரு. உள்ள கேமரா விட்டுப் பாக்கணுமாம். போடான்னா போக மாட்டேங்கிறான். நாளைக்கு, நாளன்னைக்குன்னு இழுக்கிறான். நான் கத்தினா எஞ்சினுக்குள்ள தலைய விட்டுக்கிறான்."

மறுநாள் அண்ணன் வந்ததும் சீட்டை வாங்காமல் நின்றேன். "அண்ணே, இன்னைக்கு சாதா சாப்பிடுங்க. வயித்தைக் கெடுத்துக்காதீங்க" என்றேன்.

அவர் சீட்டை என் பக்கமாக இன்னும் கொஞ்சம் தள்ளினார். "சாதால கண்ணுல தண்ணி வராதேம்மா" என்றார். அவ்வளவு மெதுவாக ஒரு வாடிக்கைக்காரர் என்னிடம் பேசியதே இல்லை.

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அடுப்படிக்குள் போய்ச் சிறிது நேரம் வெறும் சட்டியைத் தேய்த்துக்கொண்டு நின்றேன். கல்நெஞ்சக்காரன் என்று தலையாட்டிய பாவியும் நான்தானே.

கொடுத்தால் வயிறு போகும். கொடுக்காவிட்டால் அவருக்கு அழ இடமில்லை. அன்று இரவே சிவப்பு நிறம் மட்டும் தந்து நாக்கில் உறைக்காத மிளகாய்ப் பொடியை வாங்கி எண்ணெயில் போட்டு வைத்தேன். மறுநாளிலிருந்து அவர் கிண்ணத்தில் அந்த எண்ணெய்தான். பார்த்தால் உச்சக் காரம், வாயில் வைத்தால் சப்பென்று இருக்கும் சோயாச் சாறு. தொழிலில் இதற்குப் பேர் மோசடி. கேப்டன் கேட்டபோது காரத்தைக் குறைத்துவிட்டேன் என்று மட்டும் சொன்னேன். முதல் நாள் கிண்ணத்தை மேல்தட்டில் வைத்துவிட்டு ஓரக்கண்ணால் பார்த்தேன். அண்ணன் ஒரு வாய் சாப்பிட்டார், சற்று நிறுத்தினார், மறுபடி சாப்பிட்டார். கண்ணீர் எப்போதும்போல் கொட்டியது. மூன்று வாரம் இப்படிப் போயிற்று. வாந்தி நின்றது, ஆனால் ஆஸ்பத்திரிக்கு மட்டும் அவர் போகவே இல்லை.

அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை சந்தைக் கூட்டம் அப்படியே என் கடைக்குள் வந்து விழுந்தது. ஓரத்தில் இவாசே கேப்டன், அவருக்கடுத்துத் தமோட்சு அண்ணன், அவருக்கடுத்து ஒசாகாவிலிருந்து வந்த ஒரு பெண். முப்பது வயதிருக்கும். ஒரு கையில் போன், இன்னொரு கையில் நான் எழுதிய அரைப் பக்கம். வாய் ஓயவில்லை.

"அக்கா, நாலாவது பொத்தான அழுத்திட்டேன். திட்டாதீங்க. நான் தின்னாத காரமே கெடையாது."

"தின்னுட்டுச் சொல்லு" என்றேன்.

இரண்டு கிண்ணங்களையும் சேர்ந்தாற்போல் மேல்தட்டில் வைத்தேன். ஒன்று நிஜம், ஒன்று பொய். திரும்பி அடுத்த நூடுல்ஸை வடிக்கிற நேரத்துக்குள், படமெடுக்கிற அவசரத்தில் அந்தப் பெண் கைக்கு எட்டியதை இறக்கிக்கொண்டாள். மிச்சமிருந்ததை அண்ணன் இறக்கிக்கொண்டார். பார்வைக்கு இரண்டும் இரட்டைப் பிள்ளைகள். குற்றம் அவளுடையதல்ல, அவ்வளவு நன்றாக நான் ஏமாற்றி வைத்திருந்தேன்.

"என்னக்கா இது, பச்சப் புள்ளைக்கு ஊட்டலாம் போல இருக்கு" என்று அவள் குரல் கடை முழுக்கக் கேட்டது.

திரும்பிப் பார்த்தேன். அண்ணன் அந்தப் பக்கம் ஒரு பெரிய வாய் எடுத்து முழுங்கிவிட்டு இருமிக்கொண்டிருந்தார். மேடைக்கு மேலாக எட்டி அவர் கிண்ணத்தைப் பிடுங்கினேன். கொதிக்கிற சாறு என் மணிக்கட்டில் கொட்டியது. "துப்புங்கண்ணே, துப்பித் தொலைங்க" என்று கத்தினேன்.

எங்கள் ஊர் ராமெனைப் பிள்ளைச்சோறு என்றதில் கேப்டனுக்கு ரோஷம் வந்துவிட்டது. என்னையும் கவனிக்காமல், அரிகரண்டியை நீட்டி அந்தப் பெண்ணின் கிண்ணத்தில் ஒரு வாய் எடுத்துச் சப்பினார். பிறகு நான் பிடுங்கி வைத்திருந்த கிண்ணத்தைப் பார்த்தார். கடைசியில் தமோட்சு அண்ணனை நேராக முகத்தில் பார்த்தார். இருபத்தாறு வருஷம் ஒரே படகில் போய் வந்த ஆள், என் கடையில் அவர் முகத்தைப் பார்த்தது அன்றைக்குத்தான்.

"டேய் தமோட்சு. மூணு வாரமா என் பக்கத்துல உக்காந்து இதைத்தான் தின்னியா?"

அண்ணன் சாப்பிடும் குச்சியைக் கீழே வைத்தார்.

"இதைத் தின்னா அழுத?"

ஒசாகாப் பெண் போனைக் கவிழ்த்து வைத்தாள். அவளுக்கும் புரிந்துவிட்டது. ஒன்பது நாற்காலியிலும் யாரும் குச்சியை அசைக்கவில்லை. எனக்கு அவர் முன்னால் தரையில் விழுந்து மன்னிப்புக் கேட்கலாம் போல இருந்தது.

"அண்ணே, உங்கள ஏமாத்திட்டேன்" என்றேன்.

"முதல் நாளே தெரியும்மா" என்றார் அவர். "சொன்னா நீ நிறுத்திருவியோன்னு சொல்லல."

கேப்டன் கரண்டியை வைத்துவிட்டு, "எங்கிட்ட வந்து அழுதிருக்கலாமேடா" என்றார்.

"உங்கிட்டயா? நீ எதச் சொன்னாலும் கத்துவியே."

"கத்துவேன்தான். அதுக்காக?" என்று கேப்டன் கத்தினார். யாரோ லேசாகச் சிரித்துவிட்டு அடக்கிக்கொண்டார்கள். கேப்டன் குரலை இறக்கினார். "சரி, அழு. ஆனா ஆஸ்பத்திரிக்கு ஏன் போக மாட்டேங்கிற? செத்துப்போலாம்னு இருக்கியா?"

இதைக் கேட்கத்தான் எனக்கும் மூன்று வாரமாக வாய் வரவில்லை. அண்ணன் சட்டையின் உள்பையிலிருந்து ஆஸ்பத்திரித் தாள் ஒன்றை எடுத்தார். மடித்து மடித்து ஓரம் நைந்திருந்தது. பேர், பிறந்த நாள், விலாசம், எல்லாம் எழுதியிருந்தது. கீழே ஒரு கட்டம் மட்டும் காலி.

"மயக்க ஊசி போடுவாங்களாம். கூட வர்றவங்க பேர் எழுதணும், உறவு எழுதணும். எப்பவும் இட்சுகோதான் வருவா" என்றார். "இதுல யார் பேரை எழுதுறதுன்னு தெரியல. அதான் போகல. வேற ஒண்ணும் இல்ல."

கோபமாக இருந்தது எனக்கு. அவர்மேல் இல்லை. தினமும் கிண்ணம் வைத்தேன், கண்ணைப் பார்க்காமல் இருந்தேன், அதைப் பெரிய மரியாதை என்று நினைத்துக்கொண்டேன். ஒரு மனுஷன் ஒரு பேர் கிடைக்காமல் சாகப் பார்த்திருக்கிறான்.

"என் பேரை எழுதுங்கண்ணே. அண்ணன் அண்ணன்னு வாய் நிறையக் கூப்பிடறேன்ல, தங்கச்சின்னு போடுங்க" என்றேன்.

"நீ ஏன்? கடைய யாரு பாப்பா? என் பேரை எழுதுடா" என்றார் கேப்டன்.

"என்ன உறவுன்னு போடுறது?"

"இருபத்தாறு வருஷம் ஒரே படகு. பொண்டாட்டியக்கூட நான் அவ்வளவு நாள் பாத்ததில்ல. அண்ணன்னு போடு."

"நீ எனக்கு நாலு வயசு சின்னவன்."

"கேப்டன் நானா நீயா? அண்ணன்னு போடு."

ஒசாகாப் பெண் கையைத் தூக்கினாள். "எனக்கு வியாழக்கிழம வரைக்கும் லீவு. வேணும்னா நான் வரட்டுமா? மருமகள்னு போட்டுக்குங்க."

கடை முழுக்கச் சிரித்துவிட்டது. அண்ணனும் சிரித்தார். அந்தச் சிரிப்பின் நடுவிலேயே உடைந்து, முகத்தை மூடாமல், சத்தம் போட்டு அழுதார். கேப்டன் அவர் பிடரியில் கையை வைத்துக்கொண்டார். நான் பேனாவைக் கொண்டுவந்து மேடையில் வைத்தேன். நூடுல்ஸ் குழைந்துகொண்டிருந்தது, யாரும் புகார் சொல்லவில்லை.

வியாழக்கிழமை இவாசே கேப்டனின் படகு கடலுக்குப் போகவில்லை. பலத்த காற்று என்று கூட்டுறவுச் சங்கத்தில் கேப்டன் சொல்லிவைத்திருந்தார். ஒரு இலை அசையவில்லை அன்றைக்கு. நான் கடையைப் பூட்டிவிட்டு அவர் வண்டியில் ஏறினேன். படகில் வேலை செய்கிற மற்ற இரண்டு பேரும் முன்னாலேயே வந்து இடம்பிடித்திருந்தார்கள்.

பெரிய ஆஸ்பத்திரியின் கூடத்தில் நர்ஸ் தாளைப் பார்த்துக்கொண்டே, "தமோட்சு ஐயாவோட கூட வந்தவங்க யாரு?" என்று கேட்டாள். நாலு பேரும் எழுந்து நின்றோம்.

"ஒருத்தர் போதும்" என்றாள்.

"நாங்களும் காலைலேர்ந்து அதத்தான் பேசிட்டிருக்கோம். முடிவாகல" என்றார் கேப்டன்.

முக்கால் மணி நேரம் கழித்து டாக்டர் வந்து, வயிற்றுப் புண்தான், வேறு எதுவும் இல்லை, மாத்திரையில் ஆறும் என்றார். கேப்டன் அவருக்கு மூன்று தடவை குனிந்து வணங்கினார்.

உள்ளே போனோம். அண்ணன் கட்டிலில் பாதி மயக்கத்தில் கிடந்தார். எங்கள் நாலு பேரையும் ஒவ்வொருவராகப் பார்த்தார். கண்ணோரத்திலிருந்து தண்ணீர் தலையணைக்கு இறங்கிக்கொண்டிருந்தது. நர்ஸ் பதறிப்போய்க் குனிந்தாள்.

"எங்கயாவது வலிக்குதாங்கய்யா?"

"இல்லம்மா" என்றார். "அழறேன்."