இறந்த ஆண்டுக்கு விட்ட இடம்

ஓய்வுபெற்ற பூகோள ஆசிரியர் பெல்காஸெமை அவர் வீட்டுக்கு எதிரே ஏழு முறை சுட்டார்கள். அவர் கையிலிருந்த பொரித்த மத்தி மீன் பொட்டலத்தைக் கீழே விடவில்லை. வீட்டுக்குள் போய், சட்டையைக் கழற்றி வாளியில் ஊறவைத்துவிட்டு, மீன் ஆறுவதற்குள் சாப்பிட்டு முடித்தார். இது உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்த 1994 பிப்ரவரியில் ஐன் ஸர்கா என்னும் ஊரில் நடந்தது. அதே வாரம் அதே துப்பாக்கிக்காரர்கள் அடுத்த தெரு முடிதிருத்துபவரைச் சுட்டபோது அவர் ஒரே குண்டில் போய்ச் சேர்ந்தார். முடிதிருத்துபவர் ஐந்து வேளைத் தொழுகை தவறாதவர். பூகோள ஆசிரியரோ அடுத்தவருக்கு ஒரு தீப்பெட்டிகூடக் கொடுக்காத கஞ்சர். ஆகவே ஊருக்கு இதில் நியாயம் பிடிபடவில்லை. தாயத்து என்றார்கள், கலப்படமில்லாத ஆலிவ் எண்ணெய் என்றார்கள். காரணம் நகராட்சி நூலகத்தின் மூன்றாவது இழுப்பறையில் இருந்தது. அதைக் கண்டுபிடித்தவள் அங்கேயே வேலை பார்த்தபடி நூலக அறிவியலிலும் தகவல் மேலாண்மையிலும் முதுகலைப் பட்டத்துக்குப் படித்துக்கொண்டிருந்த ஃபதீலா லவார். அப்போது அவளுக்கு வயது முப்பத்திமூன்று.

அந்த மாவட்டத்தில் எப்போதாவது எதையாவது அச்சிட்டு வெளியிட்ட ஒவ்வொருவருக்கும் ஓர் அட்டை எழுதுவதுதான் அவளுடைய ஆய்வு. குடும்பப் பெயர், சொந்தப் பெயர், பிறந்த ஆண்டு, பக்கத்தில் ஒரு சிறுகோடு. கோட்டுக்கு அப்பால் வெற்றிடம். ஆள் உயிரோடிருக்கும்வரை அந்த இடத்தைக் காலியாக விட வேண்டும், இறந்தபின் ஆதாரத்தோடு ஆண்டை எழுதி மூட வேண்டும். உலகெங்கும் நூலகர்களின் வழக்கம் அது. ஃபதீலா தன் கையால் எழுதிய அட்டைகளில் அந்த வெற்றிடம் காலியாக இருந்தவரை ஆளுக்குச் சாவு வரவில்லை. பெல்காஸெம் 1971இல் மாவட்டத்து மழையளவைப் பற்றி ஒரு சிறுநூல் எழுதியிருந்தார். முடிதிருத்துபவர் எதுவும் எழுதியதில்லை. இதை அவள் தெரிந்துகொண்ட விதம் கொடுமையானது. மருந்துக்கடை மிலூத் சுட்டுக் கொல்லப்பட்டதாக ஒரு நாளிதழ் அவசரப்பட்டுச் செய்தி போட்டது. அவர் காதில் ஒரு கட்டோடு வீட்டில் காப்பி குடித்துக்கொண்டிருந்தார். ஃபதீலா நாளிதழை ஆதாரமாகக் குறித்து மிலூத்தின் அட்டையில் ஆண்டை எழுதினாள்; அட்டையிலிருந்து பேனாவை அவள் எடுத்த அதே நிமிடம் மிலூத் கோப்பையோடு சரிந்து விழுந்தார். அதன்பின் பிணத்தைக் கண்ணால் பார்க்காமல் எந்த ஆண்டையும் எழுதுவதில்லை என்று அவள் சத்தியம் செய்துகொண்டாள்.

ஊர் வாயை மூட உலைமூடி கிடையாது. விஷயம் ஒரே மாதத்தில் பரவி, எழுத்துக்கூட்டிப் படிப்பவன்கூட நூலாசிரியன் ஆனான். எட்டுப் பக்கமாவது இருக்க வேண்டும், இரண்டு பிரதி நூலகத்தில் சேர்க்க வேண்டும், அதுதான் விதி. புறாக்களுக்கு வரும் நோய்கள், கூஸ்கூஸ் என்னும் ரவை உணவை மூன்று முறை ஆவியில் வேகவைப்பது, தன் மாமியாரின் குணநலன்கள் என்று நாற்பது பக்கம், எல்லாம் வந்து குவிந்தன. ஃபதீலா எதையும் தள்ளவில்லை. நல்ல நூல் கெட்ட நூல் பார்ப்பது பட்டியல் எழுதுகிறவரின் வேலை இல்லை என்று அவளுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தவன் ஒருவன்தான், அவளுடைய தம்பி லார்பி. அவன் மலைப்பாதையில் பேருந்து ஓட்டினான், தினமும் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு. “எனக்கு என்னக்கா எழுதத் தெரியும், கியர் போடத்தான் தெரியும்” என்பான். அவள் அவனை உட்காரவைத்து, காகிதத்தையும் பேனாவையும் கொடுத்து, கதவைப் பூட்டினாள். மூன்று நாளில் அவன் பன்னிரண்டு பக்கம் எழுதினான்: ‘ஐன் ஸர்காவிலிருந்து மலைக்குப் போகும் பேருந்து எங்கெங்கே மெதுவாகும்’. மொத்தம் பத்தொன்பது வளைவுகள், எதில் எந்தப் பக்கம் புதர், எதில் எவ்வளவு தூரத்துக்கு எதிரே வருவது தெரியாது என்பது உட்பட. நூல் சுமார்தான். லவார், லார்பி, 1966, சிறுகோடு. அன்றிரவு அவள் ஒரு வருடத்துக்குப் பிறகு நிம்மதியாகத் தூங்கினாள்.

அடுத்த வசந்தத்தில் ராணுவம் லார்பியைப் பிடித்துப்போய் ஒன்பது நாள் வைத்திருந்தது. திரும்பி வந்தவன் இரண்டு வாரம் வீட்டில் கிடந்தான். பிறகு மலையிலிருந்த ஆயுதக் கும்பலோடு போய்ச் சேர்ந்துவிட்டான். ஒன்பது நாளில் என்ன செய்தார்கள் என்று அவன் சொல்லவில்லை, அவனுடைய நகங்களைப் பார்த்தவர்கள் கேட்கவும் இல்லை. கோடையில் நான்காவது வளைவில் போலியாக ராணுவ உடை அணிந்தவர்கள் ஒரு பேருந்தை நிறுத்தி, பதினொரு பேரைச் சாலையோரம் மண்டியிடவைத்துக் கழுத்தறுத்தார்கள். ஒன்பதாவது வளைவில் ஒரு கல்யாண ஊர்வலம்; மணப்பெண்ணின் கையிலிருந்த மருதாணி எது, ரத்தம் எது என்று குளிப்பாட்டியவர்களுக்குத் தெரியவில்லை. பதின்மூன்றாவது வளைவில் பால் வண்டியும் அதில் தொற்றிவந்த ஆறு பேரும். பிழைத்த ஒரு பெண், கும்பல் தலைவனின் கழுத்தில் பால் வண்டிக் காவலாளியின் குண்டு இறங்கியதைத் தான் பார்த்ததாகச் சொன்னாள். அவன் கைக்குட்டையால் ஓட்டையை அடைத்துக்கொண்டு, யாரிடமாவது சிகரெட் இருக்கிறதா என்று கேட்டானாம். ஃபதீலா அன்று மதியம் லார்பியின் நூலை எடுத்து நான்காவது, ஒன்பதாவது, பதின்மூன்றாவது வளைவுகளைப் பற்றி அவன் எழுதியிருந்ததைப் படித்தாள். அவர்கள் பதுங்கிய புதர்கள்கூட அதில் இருந்தன. சாவில்லாதவனுக்கு அடுத்தவன் சாவு ஒரு பொருட்டாக இருப்பதில்லை. வேலி என்று நினைத்து அவள் போட்டதுதான் பயிரை மேய்ந்துகொண்டிருந்தது.

லார்பி வெள்ளிக்கிழமை மதியங்களில் மட்டும் பின்வாசல் வழியாகச் சாப்பிட வருவான். அம்மா கதூஜா அவனை ஸ்டூலில் உட்காரவைத்து, புருவம் பிடுங்கும் இடுக்கியால் குண்டுகளை எடுத்துக் காப்பிக் கோப்பையில் போடுவாள். 1996 ஜூன் முதல் வெள்ளிக்கிழமை கோப்பையில் ஆறு விழுந்தன.

“இன்னும் ஒண்ணு தோள்பட்டைல ஆழமாப் போயிருக்கு. ஆடாம இரு” என்றாள் அம்மா.

“விடு யம்மா, பசிக்குது.”

ஃபதீலா தட்டை அவன் முன்னால் வைத்தாள். “கல்யாணப் பொண்ணு உனக்கு என்னடா பண்ணுச்சு?”

“சாப்பிடறப்ப ஆரம்பிக்காதக்கா.”

“சாப்பாடு இறங்குதா உனக்கு?”

“இறங்குது. ஏன் இறங்கக்கூடாது? நீதானே என்னைச் சாக விடாம ஆக்கின.” அவன் கறித்துண்டை எடுத்து அம்மாவின் தட்டில் வைத்தான், சிறுவயதிலிருந்தே அவனுக்கு அந்தப் பழக்கம் உண்டு. “உன் சிநேகிதியோட பொண்ணு ஸினெப் இருக்காளே, அவகிட்ட ஞாயித்துக்கிழமை பரீட்சைக்குப் போகவேணாம்னு சொல்லிடு. பொம்பளப் பிள்ளைங்க யாரும் போகக்கூடாதுன்னு நோட்டீஸ் ஒட்டியாச்சு. கேக்கல.”

“எத்தனாவது வளைவுடா?”

“நூலை நீதானே பட்டியல்ல சேத்த. கடைசி எதுன்னு உனக்குத் தெரியாதா?”

அம்மா கோப்பையைக் கழுவத் தொடங்கினாள். “அவன் உன் தம்பி” என்றாள் திரும்பாமல். “எனக்கு இருக்கறது ஒரு பையன்தான்.”

ஞாயிறு காலை மலைக் கிராமங்களிலிருந்து ஊருக்கு வரும் பேருந்தில் பரீட்சை எழுதப் பதினான்கு பெண்கள் வரவேண்டியிருந்தது. ஃபதீலா சனிக்கிழமை காவல் நிலையத்தில் சொன்னாள். போன முறை தலைவனின் நெஞ்சில் இருபது குண்டு இறக்கியும் அவன் எழுந்து நடந்ததாகவும், இனி தங்களால் ஆவது ஒன்றும் இல்லை என்றும் அதிகாரி சொன்னார். அங்கிருந்து மலைக் கிராமத்தில் ஸினெப்பின் வீட்டுக்குப் போனாள். “இந்த வருஷம் விட்டா அப்பா கட்டிக் குடுத்துருவாரு ஃபதீலாக்கா, நான் போறேன்” என்றாள் ஸினெப். ஞாயிறு காலை ஆறு மணிக்கு ஃபதீலா நூலகத்தைத் திறந்து, மூன்றாவது இழுப்பறையிலிருந்து தம்பியின் அட்டையை எடுத்து மேசையில் வைத்தாள். ஆறரைக்குப் பேருந்து மலையிலிருந்து புறப்படும். அவனுக்கு நடக்கக் கற்றுக்கொடுத்தவள் அவள்தான். அவனுடைய முதல் காலணிக்கு நாடா கட்டியவளும் அவள்தான். அவள் வாய்விட்டு அழுதாள், யாரும் இல்லாததால் சத்தமாகவே அழுதாள். ஏழு மணி ஆவதற்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது கோட்டுக்கு அப்பால் 1996 என்று எழுதினாள். ஆதாரம் எழுதும் இடத்தைக் காலியாக விட அவளுடைய படிப்பு அனுமதிக்கவில்லை. அதில் ‘அக்கா’ என்று எழுதினாள்.

பத்தொன்பதாவது வளைவில் லார்பி பேருந்தின் படியில் ஒரு காலை வைத்திருந்தான், கையில் கத்தி இருந்தது. அட்டை எழுதிய நாளிலிருந்து அவன் வாங்கிய குண்டுகள் அத்தனையின் காயங்களும் ஒரே நேரத்தில் திறந்துகொண்டன. அம்மா இடுக்கியால் எடுத்தவையும் அதில் அடக்கம். ரத்தம் முன்கண்ணாடிவரை அடித்தது. கூட இருந்தவர்கள் அதைப் பார்த்து ஆயுதங்களைப் போட்டுவிட்டுப் புதருக்குள் ஓடினார்கள். உடலை ஓரமாக இழுத்துப் போடவும் கண்ணாடியைத் துடைக்கவும் நேரமானதால் பெண்கள் பதினொரு நிமிடம் தாமதமாகப் பரீட்சைக்குப் போனார்கள். மேற்பார்வையாளர் முணுமுணுத்துக்கொண்டே உள்ளே விட்டார்.

அடுத்த ஆண்டு ஃபதீலாவின் ஆய்வேட்டை மதிப்பிட தலைநகரிலிருந்து மூன்று பேராசிரியர்கள் வந்தார்கள். அட்டைகளின் ஒழுங்கை மெச்சினார்கள். ஒருவர் மட்டும் ஓர் அட்டையை வெளியே எடுத்து, குடும்ப உறவு ஒரு நூலியல் ஆதாரம் ஆகாது, செய்தித்தாளோ மரணச் சான்றிதழோ வேண்டும் என்றார். சான்றிதழ் அன்று பகல்தான் எழுதப்பட்டது, அட்டை காலையிலேயே எழுதப்பட்டுவிட்டது என்றாள் ஃபதீலா. அவர் அதைக் குறித்துக்கொண்டு அரை மதிப்பெண் குறைத்தார். பட்டம் கிடைத்தது. ஆய்வேடு நூலகத்துக்கு வந்ததும் அவளும் நூலாசிரியை ஆகிவிட்டாள். ஆனால் தன் அட்டையைத் தானே எழுத மறுத்து, புதிதாக வேலைக்கு வந்த எழுத்தரை எழுதச் சொன்னாள். அதனால் எல்லோரையும் போல அவளும் ஒருநாள் சாவாள். ஊரில் இப்போது இது ஒரு நடைமுறை. படுக்கையில் கிடப்பவர்கள் விண்ணப்பம் எழுதி அனுப்புகிறார்கள், ஃபதீலா வீட்டுக்கே போய்க் கேட்டுக்கொண்டு வந்து அவர்களுடைய அட்டையில் ஆண்டை எழுதி மூடுகிறாள். பெல்காஸெம் நேரில் வந்து, மீனில் ருசியே தெரியவில்லை, போதும் என்றார். அவருடைய கையெழுத்தையே ஆதாரமாக வைத்துக்கொண்டாள்.

அம்மா ஏழு வருடம் அவளோடு பேசவில்லை. சமைத்தாள், துவைத்தாள், தட்டை மேசையில் வைத்தாள். 2003இல் ஒரு திங்கட்கிழமை மதியம் அவள் நூலகத்துக்குள் வந்து, ஃபதீலாவின் மேசைக்கு எதிரே உட்கார்ந்தாள்.

“அவனோட அட்டையக் காட்டு.”

ஃபதீலா எடுத்துக் கொடுத்தாள். அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது என்பதால் தானே படித்தும் காட்டினாள்: பெயர், பிறந்த வருடம், இறந்த வருடம், பன்னிரண்டு பக்க நூலின் தலைப்பு. கடைசி வரியையும் விடவில்லை. அம்மா ஆண்டின் மேல் விரலை வைத்துத் தடவினாள்.

“இங்க மட்டும் மை பரவியிருக்கே.”

“அழுதுட்டே எழுதினேன் யம்மா.”

அம்மா விரலை எடுத்துக்கொண்டாள். “அந்தப் பொண்ணுங்க பாஸ் பண்ணாளுங்களா?”

“பதினாலுல பதினொண்ணு.”

“ஸினெப்?”

“பாஸ். இப்ப ஆஸ்பத்திரில இருக்கா, டாக்டரா.”

அம்மா அட்டையைத் திருப்பிக் கொடுத்தாள். “எடுத்த இடத்துலயே வை” என்றாள். “மாத்தி வச்சுடாத, அப்புறம் தேடினாக் கிடைக்காது.”

ஃபதீலா அதை அதன் இடத்தில் வைத்து இழுப்பறையைத் தள்ளி மூடினாள். இருவரும் நாலு மணிப் பேருந்தில் சேர்ந்து வீட்டுக்குப் போனார்கள்.