அடுப்பு கேட்ட வழக்கு

அந்த ரொட்டிக் கூடத்தில் எல்லாரும் அவரைத் தராசு என்றுதான் கூப்பிடுவார்கள். பிசைந்த மாவை வெட்டி உள்ளங்கையில் வைத்துப் பார்த்தே சரி, குறை என்று சொல்லிவிடுவார் என்பது ஒரு காரணம். வீட்டில் வெங்காயத்தை இரண்டாக நறுக்கினால்கூட பாதிக்குப் பாதி சரியாக இருக்கிறதா என்று பார்ப்பார் என்று அவர் மனைவி கட்டிவிட்ட கதை இன்னொரு காரணம். அவருடைய சொந்தப் பெயர் ரேஷன் அட்டையோடு நின்றுவிட்டது.

கூடத்துக்கு முதலாளி கிடையாது. முன்பு ஒருவர் இருந்தார், நடத்த முடியாமல் கைகழுவிவிட்டுப் போனார். வேலை பார்த்தவர்களே சேர்ந்து எடுத்து நடத்துகிறார்கள். ரொட்டி வண்டி ஓட்டுகிறவரைத் தவிர யாருக்கும் நிரந்தரமாக ஒரு வேலை என்று இல்லை. ஒரு வாரம் மாவு பிசைந்தால் மறு வாரம் அடுப்பு, அதற்கடுத்த வாரம் பொட்டலம், பிறகு கல்லா. இதற்கு முறை என்று பெயர். முறையைக் கொண்டுவந்தவர் தராசு. காரணம் எல்லாருக்கும் தெரியும். முதலாளி காலத்தில் அந்த விறகு அடுப்பின் முன்னால் காலமெல்லாம் நின்றவர் அவருடைய மாமனார். புகையும் மாவுத்தூசியும் நெஞ்சில் இறங்கி, மூச்சுக்குத் தவித்துத் தவித்துப் போய்ச் சேர்ந்தார். அடுப்பு இன்றும் அதே அடுப்புதான், அதில் வேகும் ரொட்டிக்காகத்தான் தெருவே வந்து வரிசையில் நிற்கிறது. அதை இடிக்க யாருக்கும் மனசு வரவில்லை. ஆகவே சூட்டையும் புகையையும் எல்லாரும் பங்குபோட்டுக்கொள்வது, ஒருத்தர் நெஞ்சிலேயே மொத்தத்தையும் இறக்குவதில்லை என்று முடிவு செய்தார்கள். தராசு வாழ்க்கையில் பெருமைப்பட்ட காரியம் அது ஒன்றுதான். நியாயமான பெருமை, அதில் குறை சொல்ல நமக்கு வாய் வராது.

அந்தப் பெருமைக்கு வேட்டு வைத்தது வேறு யாரும் இல்லை, அவர் வீட்டுக்காரியேதான்.

ஒரு நாள் காலை வியாபாரம் ஓய்ந்த நேரத்தில், கல்லாவில் இருந்த அக்கா தராசிடம் சிரித்துக்கொண்டே சொன்னாள். "உங்க வீட்டுக்காரி புண்ணியத்துல எனக்கு அடுப்பு எப்படி இருக்கும்னே மறந்துபோச்சு."

"ஏன், போன மாசம் உன் முறை வந்துச்சே?"

கல்லா அக்கா நாக்கைக் கடித்துக்கொண்டாள். ஆனால் குட்டு வெளிப்பட்டுவிட்டது. விசாரித்தால், அவள் மட்டும் இல்லை, பாதிப்பேர் தங்கள் அடுப்பு வாரத்தைத் தராசின் மனைவிக்குக் கொடுத்துவிட்டு அவளுடைய கல்லா வாரத்தையும் பொட்டல வாரத்தையும் வாங்கிக்கொண்டிருக்கிறார்கள். கொடுத்தவர்களுக்கு நிம்மதி, வாங்கியவளுக்குச் சந்தோஷம். தராசு மட்டும், தன் முறை போக மீதி நேரமெல்லாம் பின்கட்டு அறையில் மாவை எடை போட்டுக்கொண்டு, வீட்டுக்காரியின் புருவம் அடிக்கடி கருகியிருப்பதைக் கணக்குப் பார்க்காமல், முறை ஒழுங்காக நடக்கிறது என்று நம்பிக்கொண்டிருந்தார்.

வீட்டுக்கு வந்ததும் கேட்டார். மனைவி மறைக்கவில்லை.

"ஆமா, மாத்திக்கிட்டேன். தப்புதான். ஒளிஞ்சு செஞ்சது தப்பு. அடுப்புகிட்ட நின்னது தப்பில்ல."

"உனக்கு என்ன பைத்தியமா? உங்கப்பாவைப் பாத்தவதானே நீ?"

"பாத்தவதான். எனக்கு அடுப்பு பிடிச்சிருக்கு. கதவைத் திறந்ததும் மூஞ்சில அடிக்குமே அந்த அனல், அதுல கைய நீட்டினா இன்னிக்கு ரொட்டி எப்படி வரும்னு எனக்குத் தெரியுது. வேற எந்த வேலையிலயும் எனக்கு இப்படித் தெரிஞ்சதில்ல. கல்லாவுல உக்காந்தா கொட்டாவி வருது. வர்ற லீவு நாள் கூட்டத்துல நானே எழுந்து கேக்கப்போறேன். எனக்கு அடுப்பு நிரந்தரமா வேணும். தோத்தா பேசாம முறைக்குத் திரும்பிடுறேன்."

"நான் எதிர்ப்பேன்."

"எதிர்த்துக்குங்க. ஆனா நீங்க பேசப்போறது என் பக்கம், அதை மறந்துடாதீங்க."

தராசுக்கு அப்போதுதான் உறைத்தது. அந்தக் கூடத்தில் ஒரு வழக்கம் உண்டு. முன்பு ஒரு தடவை உப்பைக் கூட்டுவதா குறைப்பதா என்று வாக்குவாதம் முற்றி, பிசைந்த மாவு ஒருவர் முகத்தில் போய் அப்பியது. அன்றிலிருந்து எந்த விஷயமானாலும் மோதிக்கொள்ளும் இரண்டு பேரும் இடம் மாறித்தான் பேச வேண்டும். இவர் அவருடைய நியாயத்தைச் சொல்ல வேண்டும், அவர் இவருடைய நியாயத்தைச் சொல்ல வேண்டும். சொல்லி முடித்ததும், "உங்க பக்கம் சரியா வந்துச்சா?" என்று எதிராளியிடம் கேட்பார்கள். வந்தது என்று அவர் சொன்ன பிறகுதான் கை தூக்குவது. இந்த வழக்கத்தால் பாதிச் சண்டைகள் தொடங்கும் முன்பே படுத்துவிடும், ஏனென்றால் அடுத்தவன் நியாயத்தை வாய்விட்டுச் சொல்லிப் பார்ப்பதைப் போலக் கஷ்டமான வேலை வேறு இல்லை.

அந்த வாரம் முழுக்கத் தராசுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அவர் பயம் விதியைப் பற்றியது மட்டும் இல்லை. மாமனாரின் கடைசி நாட்கள் கண்முன் வந்து வந்து போயின. ராத்திரியில் விழித்துக்கொண்டு, தூங்கும் மனைவியின் மூச்சு சீராக வருகிறதா என்று கேட்டுக்கொண்டே படுத்திருந்தார். அந்தப் பயத்தில் நல்ல மனிதர் ஒரு குறுக்கு வழியைக் கண்டுபிடித்தார். அவளுடைய பக்கத்தைத்தானே பேச வேண்டும்? பேசலாம். ஒப்புக்குப் பேசலாம். வழவழவென்று நாலு வார்த்தை சொல்லி உட்கார்ந்துவிட்டால், வழக்கமும் காப்பாற்றப்படும், வழக்கும் தோற்றுப்போகும்.

விடுமுறை நாள் மத்தியானம் மாவு மூட்டைகள் அடுக்கிய அறையில் கூட்டம் கூடியது. ஆளுக்கொரு மூட்டையில் உட்கார்ந்தார்கள். எழுந்தவர்களின் பின்புறமெல்லாம் வெள்ளையாக இருந்தது. நடுவே எதிரெதிரே இரண்டு முக்காலி. ரொட்டி வண்டி ஓட்டுகிறவர்தான் கூட்டத்தை நடத்துவார். ஊரெல்லாம் சுற்றுகிறவர் என்பதால் உள்ளே யார் பக்கமும் சாயமாட்டார் என்று ஒரு நம்பிக்கை.

தராசு முதலில் எழுந்தார். "என் வீட்டுக்காரி அடுப்பை நிரந்தரமா கேக்குறா. அவளுக்கு அது பிடிச்சிருக்கு. பிடிச்ச வேலையைச் செஞ்சா நல்லா செய்வாங்க. மத்தவங்களுக்கும் சூடு மிச்சம். அவ்வளவுதான்."

உட்கார்ந்துவிட்டார். கடனே என்று ஒப்பித்த பாடம் மாதிரி இருந்தது. மூட்டைகளின் மேல் சிலர் நெளிந்தார்கள்.

வண்டிக்காரர் மனைவியின் பக்கம் திரும்பினார். "உங்க பக்கம் சரியா வந்துச்சா?"

அவள் கணவரை ஒரு தடவை பார்த்தாள். "வந்துச்சுன்னே வச்சுக்கலாம்," என்றாள்.

பிறகு அவள் எழுந்தாள். இப்போது அவள் தராசின் பக்கத்தைப் பேச வேண்டும். தனக்கு எதிராகத் தானே பேச வேண்டும். பதிலுக்குப் பதில், அவளும் நாலு வார்த்தையோடு நிறுத்தியிருந்தால் யாரும் குற்றம் சொல்லியிருக்க மாட்டார்கள்.

"எங்கப்பா கடைசி வருசம் படுத்துத் தூங்கவே இல்ல," என்று தொடங்கினாள். "படுத்தா மூச்சு அடைக்கும். தலையணையை அடுக்கி உக்காந்தபடியே இருப்பாரு. நானும் அம்மாவும் மாறி மாறி முதுகைத் தடவுவோம். அப்பவும் அவர் என்ன சொன்னார் தெரியுமா? அடுப்பு வேலை எனக்குப் பிடிச்ச வேலைன்னுதான் சொன்னாரு. அதனால இன்னிக்கு ஒருத்தி வந்து எனக்குப் பிடிச்சிருக்குன்னு சொன்னா, அந்த வாயை நம்பாதீங்க. பிடிச்சிருக்கிறதால புகை நெஞ்சுல இறங்காம இருக்காது. என் மூச்சு, என் இஷ்டம்னு அவ சொல்லுவா. மூச்சு அவளோடதுதான். அது நின்னுபோற அன்னிக்கு பக்கத்துல உக்காந்து முதுகைத் தடவுறது யாரு? அந்த ஆளை அவ கேட்டாளா? இன்னொன்னும் இருக்கு. அவளே தினம் நின்னா நாமெல்லாம் அடுப்பை மறந்துடுவோம். ஏற்கெனவே பாதிப்பேருக்கு மறந்துபோச்சு. அவ விழுந்தா இந்தக் கூடமும் சேந்து விழும். முறைங்கிறது யாரையும் கட்டிப்போட இல்ல. ஒருத்தர் சுமையை எல்லாரும் சுமந்தா யாரும் விழமாட்டோம்கிறதுக்குத்தான். எங்கப்பா காலத்துல இந்த முறை இருந்திருந்தா, இந்நேரம் அவரும் ஒரு மூட்டை மேல உக்காந்து என்னைத் திட்டிக்கிட்டு இருப்பாரு."

கல்லா அக்கா முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். தராசின் முகத்தில் ஈயாடவில்லை. மாமனார் சாவைப் பற்றிப் பேச அவருக்கே இத்தனை நாளாகத் துணிச்சல் வந்ததில்லை. அவள் மனசு புண்படும் என்று அதைத் தொடாமல் வைத்திருந்தார். அவளோ அதை எடுத்து, அவருடைய விதிக்காக, தன்னுடைய ஆசையின் மேலேயே போட்டுவிட்டாள். தான் தோற்பதற்கு இவ்வளவு நேர்மையாக உழைக்கும் ஒரு மனுஷியோடா இத்தனை வருஷம் குடித்தனம் நடத்தினோம் என்று அவருக்கு வியப்பாக இருந்தது. கூடவே வெட்கம் பிடுங்கித் தின்றது.

"உங்க பக்கம் சரியா வந்துச்சா?" என்று வண்டிக்காரர் கேட்டார்.

"வந்துச்சு," என்றார் தராசு. "நானே பேசியிருந்தா இதுல பாதிகூட வந்திருக்காது." அவர் எழுந்துவிட்டார். "ஆனா அவ பக்கம் வரல. வரவிடாம நான்தான் மறைச்சேன். திரும்பப் பேச விடுங்க."

அப்படி ஒரு வழக்கம் இதுவரை இல்லை. வண்டிக்காரர் தலையைச் சொறிந்தார். பிறகு, "பேசுங்க," என்றார்.

"மாமாவை யாரும் கேக்கல," என்றார் தராசு. "நில்லுன்னான் முதலாளி, நின்னாரு. மாட்டேன்னு சொன்னா அன்னிக்கு அடுப்பு எரியாது, எங்க மாமா வீட்டு அடுப்பு. அப்படி நின்னவரு பிடிச்சிருக்குன்னு சொன்னது வேற. இவளுக்குக் கல்லா இருக்கு, பொட்டலம் இருக்கு, எல்லாம் இருக்கு. எல்லாத்தையும் பாத்துட்டு இவ அடுப்புதான் வேணும்ங்கிறா. ரெண்டும் ஒண்ணில்ல. முறையை நாம போட்டது மாட்டேன்னு சொல்ல முடியாதவங்களுக்காக. வேணும்னு சொல்றவளைத் தடுக்கிறதுக்கு இல்ல. அடுப்பு வாரத்துல இவ வீட்டுக்கு வரும்போது புருவம் கருகியிருக்கும், ஆனா வாசல்லயே பேச ஆரம்பிச்சிடுவா. மத்த வாரத்துல என்னோட ஒரே வீட்ல இருக்கிறது வேற யாரோ. அது எனக்கு நல்லாத் தெரியும். தெரிஞ்சும் சொல்லாம இருந்தேன். நாம இவளைப் புகையிலேருந்து மட்டும் காப்பாத்தல, இவளோட ஆசையிலேருந்தும் சேத்துக் காப்பாத்திக்கிட்டு இருக்கோம். எது நல்லதுன்னு அடுத்தவங்களுக்கு நாமளே முடிவு பண்றது நமக்குப் புதுசில்ல. முதலாளியும் அதைத்தான் பண்ணினான். ஆபத்து என்னன்னு நம்ம எல்லாரையும்விட இவளுக்குத்தான் தெரியும், இப்பத்தான் கேட்டீங்க. அது தெரிஞ்சு கேக்குறவளுக்கு இல்லைன்னு சொல்ல நாம யாரு?"

சொல்லி முடித்ததும் பொத்தென்று முக்காலியில் உட்கார்ந்தார். மூச்சு வாங்கியது.

"இப்ப வந்துச்சா?" என்று வண்டிக்காரர் அவளைக் கேட்டார்.

"வந்துச்சு," என்றாள். "எனக்கே தெரியாததும் சேந்து வந்துச்சு."

அடுப்பை அவளுக்குக் கொடுப்பவர்கள் கை தூக்கலாம் என்றார் வண்டிக்காரர். முதலில் ஒன்றிரண்டு கைகள். பிறகு கல்லா அக்கா. பிறகு மூட்டைக்கு மூட்டை கைகள் எழுந்தன. அவளும் தயங்கித் தயங்கித் தன் கையைத் தூக்கினாள். எண்ணத் தேவையே இருக்கவில்லை. தராசு மட்டும் இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டு குனிந்து உட்கார்ந்திருந்தார்.

வெயில் தாழ்ந்த பிறகு இருவரும் வீட்டுக்கு நடந்தார்கள். கடைகள் சாத்தியிருந்ததால் தெரு அமைதியாக இருந்தது.

"எல்லாரையும் கை தூக்க வச்சிட்டு, நீங்க மட்டும் ஏன் தூக்கல?" என்று அவள் கேட்டாள்.

"பேசினது உன் நியாயம். அதுல ஒரு வார்த்தை பொய் இல்ல. ஆனா நீ போயிட்டா நான் என்ன செய்வேன்னு எனக்குத் தெரியல. அதுக்கு எந்த நியாயமும் பதில் சொல்லல." கொஞ்ச தூரம் நடந்தபின், "கோபமா?" என்று கேட்டார்.

அவள் இல்லை என்று தலையாட்டினாள். "நீங்க எப்ப தூக்குவீங்களோன்னு பாத்துக்கிட்டே இருந்தேன். தூக்கலன்னதும்தான் எனக்கு உயிரே வந்துச்சு."

"என்ன பேசுற நீ? ஜெயிக்கணும்னுதானே கேட்ட?"

"ஜெயிக்கணும்தான். ஆனா நீங்களும் சேந்து கையைத் தூக்கியிருந்தா, நாளைக்கு அந்த அடுப்பு முன்னாடி நிக்கும்போது எனக்காகப் பயப்பட ஒரு ஆள்கூட இல்லாம போயிருக்கும்."

தராசு அவள் தோளில் ஒட்டியிருந்த மாவைத் தட்டிவிட்டபடி கூட நடந்தார்.