முன்னால் ஓடுகிறவன்

ஏழாவது சுற்றின் கடைசி வளைவில்தான் கிப்தாருஸுக்கு அது உறைத்தது. பின்னால் மூச்சுச் சத்தம் இல்லை.

அவள் வந்துகொண்டுதான் இருந்தாள். ஈரச் செம்மண்ணில் அவளுடைய காலடி இரண்டெட்டுப் பின்னால் சீராக விழுந்துகொண்டிருந்தது. மூச்சுதான் இல்லை. பதினான்கு வருடங்களாக ஜெலகாட்டின் மூச்சை முதுகால் கேட்டு ஓடியவன் அவன். முதல் மூன்று சுற்று மூக்கால் விடுவாள். நான்காவதில் வாய் திறக்கும். ஏழு, எட்டு என்று போகும்போது ஒவ்வொரு மூச்சின் முடிவிலும் எண்ணெய் போடாத கதவு திறப்பதுபோல் சின்னதாய் ஒரு கிறீச்சல் வரும். அது வந்துவிட்டால் அந்த வருடம் அவள் நன்றாக ஓடுவாள். அந்தச் சத்தத்தைக் கேட்டு ஒரு வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. வயதானால் மூச்சும் அடங்கிவிடும்போல என்று இதுவரை நினைத்திருந்தான். இன்று மைதானம் முழுக்கக் கேட்டது அவனுடைய மூச்சு மட்டும்தான்.

முடிவுக் கோட்டைத் தாண்டியதும் கடிகாரத்தை அமுக்கினான். அறுபத்தேழு விநாடி.

"அறுபத்தஞ்சு!" என்று கூவினான்.

"சரி," என்றாள் ஜெலகாட். அடுத்த சுற்றுக்கு முன் கிடைக்கும் ஒரு நிமிட ஓய்வில் இடுப்பில் கைகூட வைக்கவில்லை.

அந்த மலையூரில் பெரிய பந்தயம் ஓடும் பெண்கள் யாரும் தனியாகப் பயிற்சி செய்வதில்லை. ஓர் ஆண் முன்னால் ஓடி வேகம் பிடித்துக் கொடுப்பான். கடிகாரம் அவன் கையில். நேரத்தைக் கூவுவதும் அவன்தான். பின்னால் வருகிறவள் அவன் முதுகைப் பார்த்துக்கொண்டு வந்தால் போதும். பெரும்பாலும் அது கணவனாகத்தான் இருக்கும். கிப்தாருஸும் ஒரு காலத்தில் ஆயிரத்தைந்நூறு மீட்டரில் மாகாண அளவில் ஓடியவன். கல்யாணம் ஆன வருடமே தன் ஓட்டத்தை நிறுத்திவிட்டு அவளுக்கு முன்னால் வந்துவிட்டான். அதற்காக அவன் வருந்தியதில்லை. அவள் வாங்கிவந்த பதக்கங்களில் பாதி தன் முதுகுக்கு உரியது என்று நினைப்பான். வெளியே சொன்னதில்லை.

இப்போது அவனுக்கு நாற்பத்திரண்டு. அவளுக்கு முப்பத்தைந்து. அவள் ஓடும் ஆயிரத்தைந்நூறு மீட்டரில் முப்பத்தைந்து என்றால் பலர் ஓட்டத்தை விட்டே ஐந்தாறு வருடம் ஆகியிருக்கும். மகள் ஜெரோப் பிறந்த பிறகும் அவள் திரும்பி வந்தாள். மெதுவாக ஓட வேண்டிய நாளில் கிழவியைப் போல மெதுவாக ஓடுவாள், பிள்ளைகளே கடந்து போனாலும் கவலைப்பட மாட்டாள். அதனால்தான் அவள் கால்கள் இத்தனை நாள் தாங்கின. ஆனால் ஏப்ரல் பந்தயத்தில் உலகப் போட்டிக்கான தகுதி நேரத்தை ஒரு விநாடியில் தவறவிட்டாள். மிச்சம் இருப்பது ஐந்து வாரம் கழித்து நைரோபியில் ஒரே ஒரு பந்தயம். அதிலும் தவறினால் அவ்வளவுதான்.

எட்டாவது சுற்று முடிந்தபோது வேலியோரம் கால் நீட்டி உட்கார்ந்திருந்த பிவோட் குரல் கொடுத்தான். இருபத்துமூன்று வயதுப் பையன். பக்கத்துச் சரிவுக்காரன். வாய் சும்மா இருக்காது.

"அண்ணே, அந்த வளைவுல மாடு கீடு குறுக்க வந்துச்சா? பிரேக் போட்டாப்ல இருந்துச்சே!"

உட்கார்ந்திருந்தவர்கள் சிரித்தார்கள். கிப்தாருஸ் திரும்பிப் பார்க்கவில்லை. ஜெலகாட்டும் சிரிக்கவில்லை. குனிந்து ஷூ கயிற்றை அவிழ்த்து மறுபடி கட்டினாள். கயிறு நன்றாகத்தான் இருந்தது.

மத்தியானம் வீட்டுப் பின்புறம் அவள் இரண்டு ஜோடி ஷூவிலிருந்தும் செம்மண்ணைக் கழுவிக்கொண்டிருந்தாள். கிப்தாருஸ் தேநீர்க் குவளையோடு வந்து படியில் உட்கார்ந்தான். வெகுநேரம் குடிக்கவில்லை.

"ஜெரோப் அம்மா, இன்னைக்கு உன் மூச்சே கேக்கல."

"காத்து அந்தப் பக்கமா அடிச்சிருக்கும்."

"காத்தே இல்ல."

அவள் பிரஷ்ஷை வாளியில் போட்டாள். "எதுக்கு இப்ப அது?"

"அறுபத்தஞ்சு இல்ல. அறுபத்தேழு."

"தெரியும்."

"எப்படித் தெரியும்? கடிகாரம் என் கையில."

"உங்க இடது குதிகால் என் கண்ணு முன்னாடி. கடைசி வளைவுல அது மண்ண உரசும். போன மழைக்கு முந்தியிலருந்து உரசுது. அது உரசுற அன்னைக்கெல்லாம் நீங்க சொல்ற நேரம் மட்டும் மாறவே மாறாது."

கிப்தாருஸ் குவளையைக் கீழே வைத்தான். "தெரிஞ்சுமா பின்னாடியே வந்த? தாண்டிப் போயிருக்கலாமே."

"ஊரே பாக்க, உங்களையா? ஜெரோப் அப்பா, எனக்கு அது முடியாது."

"அதுக்கு ஏப்ரல்ல தோத்தியா?"

அவள் ஈர ஷூக்களை வெயில் பார்த்து வேலிக் கம்பியில் செருகினாள். அவளுடையதை ஒரு கம்பியில், அவனுடையதை அடுத்த கம்பியில். அவனுடைய இடது ஷூவின் குதி ஒரு பக்கமாகத் தேய்ந்து வெளுத்திருந்தது. வருடக்கணக்காக அவள் கழுவுகிற ஷூ அது. அவளுக்குத் தெரியாமல் இருக்குமென்று எப்படி நம்பினோம் என்று அவனுக்கே விளங்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்திலிருந்து நேராக அண்ணன் கிமாயோ வந்தார். புளித்த பாலும் களியும் சாப்பிட்டு முடிக்கும்வரை கிப்தாருஸ் காத்திருந்தான். பிறகு, ஐந்து வாரத்துக்குப் பிவோட்டை முன்னால் ஓடச் சொல்லப்போவதாகச் சொன்னான்.

கிமாயோ கையைத் துடைத்த துணியை மடித்து வைத்தார். "யாரு? அந்தச் சரிவு வீட்டு வாயாடியா?"

"வாய் இருக்கட்டும்ணே. கால் நல்லாயிருக்கு."

"டேய், நம்ம வீட்டுப் பொம்பள இன்னொருத்தன் முதுகப் பாத்துக்கிட்டு ஊரச் சுத்தி ஓடுவாளா? நாளைக்குச் சந்தையில என்ன பேசுவாங்க? புருஷனுக்குத் தெம்பு செத்துப்போச்சு, ஆள் மாத்திட்டான்னு பேச மாட்டாங்க?"

"பேசுவாங்க."

"அப்பா இருந்திருந்தா இது நடக்குமா?"

அந்தக் கேள்வி வருமென்று கிப்தாருஸுக்குத் தெரியும். அவர்களுடைய அப்பா முப்பது வருடம் பால் சேகரிப்பு நிலையத்தில் எடை போட்டவர். அவர் சொன்ன எடையை ஒருவரும் மறுபடி போட்டுப் பார்க்கச் சொன்னதில்லை. தன் சொந்த மாட்டுப் பால் கால் கிலோ குறைந்தபோதும் குறைந்ததையே உரக்கச் சொன்னவர். அந்த வீட்டு ஆள் என்றால் பேங்கிலும் பள்ளிக்கூடத்திலும் நாற்காலி எடுத்துப் போடுவார்கள். அந்த மரியாதையில்தான் அண்ணன் தம்பி இருவரும் இத்தனை நாள் நிமிர்ந்து நடந்தார்கள்.

"அண்ணே, ஒரு வருஷமா நான் தப்பு எடை சொல்லிக்கிட்டிருக்கேன்," என்றான். "அவ ஓடுனது ஒண்ணு. நான் கத்துனது ஒண்ணு. அத நம்பித்தான் ஏப்ரலுக்குப் போனோம்."

அடுப்படியில் பாத்திரச் சத்தம் நின்றிருந்தது. ஜெலகாட் அங்கே அசையாமல் நிற்கிறாள் என்று இருவருக்குமே தெரிந்தது. கிமாயோ எழுந்து தொப்பியை எடுத்துக்கொண்டார்.

வாசலில் நின்று சொன்னார். "போறதுன்னா, மைதானத்துல வச்சுக் கேக்காத. அவன் வீட்டுக்குப் போயிக் கேளு. கோட்டு போட்டுக்கிட்டுப் போ."

கிப்தாருஸ் கோட்டு போட்டுக்கொண்டுதான் போனான். திருமணப் பேச்சுக்கும் சாவுக்கும் மட்டும் எடுக்கிற சாம்பல் நிறக் கோட்டு. தோளில் இறுக்கியது. பிவோட் வாசலில் சட்டையில்லாமல் மக்காச்சோளம் வாட்டித் தின்றுகொண்டிருந்தவன், கோட்டைப் பார்த்ததும் எழுந்தேவிட்டான்.

"அண்ணே, நான் சும்மா வெளாட்டுக்குச் சொன்னேன்... அந்த மாடு... அதுக்குக் கோட்டெல்லாம் போட்டுக்கிட்டு அடிக்க வருவீங்களா?"

"உக்காரு. அடிக்க வரல."

சொல்ல வேண்டியதை வழியெல்லாம் ஒத்திகை பார்த்திருந்தான். சொல்லும்போது மூன்றே வாக்கியத்தில் முடிந்துவிட்டது. பிவோட் கையிலிருந்த சோளக்கதிரைக் கீழே வைத்தான். அவன் முகத்தில் அப்போதுதான் சிரிப்பு இல்லாமல் போனது.

"அக்காவுக்கு முன்னாடியா? நான் சின்னப் பையனா இருந்தப்ப நீங்க ரெண்டு பேரும் ஓடுறத அந்த வேலியில ஏறி நின்னு பாத்தவன்ணே நான்."

"பாத்தியில்ல. அப்ப தெரியும். கடைசி வளைவுல விடக்கூடாது. அவ கத்துனாலும் விடக்கூடாது."

"கத்துவாங்களா?"

"கத்த மாட்டா. மூச்சுல ஒரு சத்தம் வரும். அது வந்தாத்தான் நீ சரியா போறன்னு அர்த்தம். நீயே கேட்டுக்குவ."

கடிகாரத்தைக் கழற்றினான். வார் இருந்த இடத்தில் தோல் வெளிறிப் பட்டையாய் இருந்தது. கொடுக்கும்போது, "வர்ற நேரத்தச் சொல்லு. எது வருதோ அத," என்றான்.

செவ்வாய்க்கிழமை காலை மைதானத்தில் எங்கே நிற்பது என்று அவனுக்குத் தெரியவில்லை. வேலியோரம் உட்காருகிறவர்களோடு உட்கார மனமில்லை. முடிவுக் கோட்டருகே நின்றால் ஓடுகிறவர்களுக்கு இடைஞ்சல். கடைசி வளைவு முடிகிற இடத்தில், புல்லும் மண்ணும் சேருகிற ஓரத்தில் போய் நின்றுகொண்டான். ஜெலகாட் அவன் பக்கம் பார்க்காமலே முதல் சுற்றைத் தொடங்கினாள். பிவோட்டின் முதுகு அகலமானது. அதற்குப் பின்னால் அவள் முழுதாக மறைந்து போனாள்.

"அறுபத்தஞ்சு!" இளங்குரல் மைதானத்தைத் தாண்டிக் கேட்டது. வேலியோரம் யாரோ ஏதோ சொன்னார்கள். யாரும் சிரிக்கவில்லை. இரண்டாவது அறுபத்தைந்து. மூன்றாவது அறுபத்தாறு. அறுபத்தாறைப் பிவோட் அறுபத்தாறு என்றே கூவினான்.

ஏழாவது சுற்றில் அவர்கள் எதிர்ப்பக்கத்திலிருந்து திரும்பியபோது பிவோட் வளைவில் சற்று வெளியே விலகி ஓடினான். அப்போது அவள் தெரிந்தாள். கிப்தாருஸ் அவள் முகத்தைப் பார்த்தான். பதினான்கு வருடத்தில் இத்தனை பக்கத்தில் நின்று, அவள் ஓடும்போது அவள் முகத்தை அவன் பார்த்ததே இல்லை. பந்தயங்களில் பார்த்தது தொலைவிலிருந்து, அல்லது தொலைக்காட்சியில். அழகான முகம் இல்லை அது. உதடு ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு பல் தெரிந்தது. கழுத்து நரம்பு புடைத்திருந்தது. மோவாயில் எச்சில் வழிந்து காய்ந்திருந்தது. கண்கள் முன்னால் போகிற முதுகைத் தவிர வேறெதையும் பார்க்கவில்லை. இத்தனை காலமும் தன் முதுகைப் பார்த்து வந்தது இந்த முகமா என்று பார்த்துக்கொண்டே நின்றான்.

அவள் அவனைக் கடந்தாள். கிறீச், கிறீச் என்று அந்தச் சத்தம் அவன் காதோரமாய் வந்தது. எப்போதும் பின்னால் கேட்ட சத்தம் இப்போது முன்னால் போனது. அவனை அறியாமல் அவனுடைய வலது கட்டைவிரல் இடது மணிக்கட்டைத் தேடிப்போய் அந்த வெளிறிய பட்டையை அழுத்தியது. குதிகாலைத் தூக்கி நின்றபடி, சத்தம் கோட்டை நோக்கிப் போகப்போகக் கேட்டுக்கொண்டே இருந்தான்.