நாலாவது மாடியில் ஒரு குழி

ரேணுகாம்பாளுக்குப் புது வீட்டுச் சாவி கிடைத்த அன்று தெருவுக்கே ஜாங்கிரி. பெரிய காஞ்சிபுரத்தில் இருபது வருஷமாக அவள் தறி போட்டிருந்த வாடகை வீட்டை இடிக்கப்போகிறார்கள். மாதக் கடைசிக்குள் கிளம்பியாக வேண்டும். நல்லவேளை, அந்த இரண்டாயிரத்து நாலில் நெசவாளர் தெருக்களுக்கு ஒரு புது விதி வந்திருந்தது. அடுக்குமாடி கட்டுகிறவர் ஒரு வீட்டை நெசவாளிக்குக் குறைந்த வாடகைக்கு விட்டால், மூன்று மாடிக்கு மேல் நாலாவதும் எழுப்பிக்கொள்ளலாம். ஒரே நிபந்தனை, அந்த வீட்டில் தறி ஓடவேண்டும். கட்டடக்காரர் பூவராகவன் ஆசை ஆசையாக நாலாவது மாடியை எழுப்பினார். நெசவாளி வீட்டையும் அங்கேயே கொண்டுபோய் வைத்தார்.

அங்கேதான் மனுஷன் கோட்டை விட்டார்.

ரேணுகாம்பாள் படியேறிப் போய்ப் பார்த்தாள். காற்று, வெளிச்சம், குழாயில் தண்ணீர், எல்லாம் அமர்க்களம்.

"எல்லாம் நல்லாத்தான் இருக்குது சார். குழி எங்க வெட்டறது?"

"எந்தக் குழி?"

"தறிக்குழி சார். காலைத் தொங்கப்போட்டு மிதிக்க வேணாமா?"

பூவராகவன் தரையைக் காலால் தட்டிப் பார்த்துவிட்டு, "மரச்சட்டம் அடிச்சு மேலயே தறி போட்டுக்கம்மா" என்றார்.

"அடியில மண்ணு ஈரம் இருந்தாத்தான் பட்டு இழை தாங்கும். இங்க அடிக்கிற காத்துக்குச் சடசடன்னு அறுந்துடும். கீழ ஒரு வீடு குடுங்க சார்."

"தரைத்தளம் பூரா கடைக்குப் பேசிட்டேன். இஷ்டம்னா இரு, இல்லன்னா சாவியக் குடுத்துட்டுப் போம்மா."

சாவியைக் கொடுத்தால் வீடில்லை. வைத்துக்கொண்டால் தறியில்லை, சோறில்லை. கணவன் வீராசாமியிடம் ஒரு பாட்டம் அழுது தீர்த்தாள். அழுது முடித்ததும் கோபம் வந்தது. கோபம் வந்தால்தான் அவளுக்கு மூளை ஒழுங்காக வேலை செய்யும்.

மறுநாள் தறியைப் பார்த்து மாடி அனுமதிக்குக் கையெழுத்துப் போட அதிகாரி சம்பூர்ணம் வந்தார். பூவராகவன் வாயெல்லாம் பல்லாக மேலே அழைத்துப்போனார். அங்கே ரேணுகாம்பாள் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு கடப்பாரையோடு நின்றாள். வீராசாமி கையில் மண்கூடை. பளபளத்த தரையில் சாக்பீஸால் பெரிய சதுரம் போட்டிருந்தது.

"என்னம்மா இது?"

"தறி ஓடணும்னு ரூல்ஸ் இருக்குதாமே மேடம்? அதான், குழி வெட்டப் போறோம். மூணடி ஆழம்."

"ஐயையோ, கீழ மூணாவது மாடி என் வீடு!" பூவராகவன் அலறினார். "நேரா பூஜை ரூம்!"

"பயப்படாதீங்க சார். காலை ஓரமா வெச்சுக்கறேன், சாமி மேல படாது."

சம்பூர்ணம் ஃபைலால் முகத்தை மூடிக்கொண்டார். தோள் மட்டும் குலுங்கியது. மூடியபடியே சொன்னார்: "தறி இல்லன்னா இந்த மாடிக்கு அனுமதி கிடையாது சார். இடிக்கவேண்டியதுதான்."

பூவராகவன் கடைக்காரருக்குப் போன் போட ஓடினார்.

அடுத்த வெள்ளிக்கிழமையே கீழே ஒரு பகுதியை அவளுக்கு வீடாக்கி, தரையைப் பெயர்த்துக் குழி வெட்டி, கற்பூரம் ஏற்றித் தறி பூட்டினார்கள். ரேணுகாம்பாள் உட்கார்ந்து காலை உள்ளே விட்டாள். ஈர மண் ஜில்லென்று பாதத்தில் பட்டது. சந்தோஷத்தில் இரண்டு தரம் சும்மாவே மிதித்துப் பார்த்தாள்.

வாசலில் நின்ற பூவராகவனுக்கு மனசு ஆறவில்லை. "இந்த எடத்துல நகைக்கடையே வந்திருக்கும்" என்று புலம்பினார்.

"விடுங்க சார்" என்றாள் ரேணுகாம்பாள், நூல் கோத்த நாடாவைத் தறியில் குறுக்கே தள்ளிவிட்டபடி. "உங்க நாலாவது மாடி இந்தக் குழி மேலதான் நின்னுக்கினு இருக்குது."