பவழமல்லிக் குழி

ஆனைக்குட்டத்தில் என் மாமனாரின் அப்பா கட்டிய வீட்டுக்கு நாங்கள் குடிபோனது 2006இல். அதுவரை வாடகைக்கு விட்டிருந்தோம். கடைசியாக இருந்தவன் லைசென்ஸ் இல்லாமல் உள்ளேயே பட்டாசு செய்தவன். சோதனைக்கு ஆள் வருகிறார்கள் என்றதும் சொல்லாமல் கொள்ளாமல் ஓடிவிட்டான். எதை எங்கே விட்டுப் போனானோ என்று எனக்கு உள்ளூரப் பயம்தான்.

என் வீட்டுக்காரர் சோலைமலைக்கு அந்தக் கவலையெல்லாம் கிடையாது. வெள்ளையடித்த கையோடு செடிப் பைத்தியம் பிடித்துக்கொண்டது. அவர் தாத்தா காலத்தில் வீட்டுக்குப் பால் காய்ச்சிய அன்று எடுத்த போட்டோவை வைத்துக்கொண்டு, அதில் இருக்கிற செடிதான் அந்தந்த இடத்தில் இருக்கவேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றார். வாசலுக்கு நந்தியாவட்டை, பின்சுவர் ஓரம் பவழமல்லி. நான் ஆசையாக வைத்த காகிதப்பூவைப் பிடுங்கி வெளியே எறிந்தார்.

"போட்டோவுல இது எங்கன இருக்கு?"

"ஃபேனுகூடத்தான் இல்ல. கழத்திருவமா?" என்றேன். மனுசன் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

ஒரு நாள் காலையில் நந்தியாவட்டையை நட்டு, தண்ணீர் ஊற்றும் வேலையை எங்கள் மகள் பாண்டிலட்சுமியிடம் கொடுத்தார். பிறகு பின்னால் போய்த் தோண்டினார். கடப்பாரை டங்கென்று எதிலோ இடித்தது. "கல்லு கெடக்கு, ஊறட்டும்" என்று குழி நிறையத் தண்ணீர் ஊற்றிவிட்டுச் சாப்பிட வந்தார். சாப்பிட்டுவிட்டுக் குழிக்குள் இறங்கியவர் சிரித்தார்.

"அடியே வீரலட்சுமி, மண்ணு சுடுது!"

வெயிலுக்குச் சுடும் என்று சொல்ல வாயெடுத்தேன். அங்கே வெயிலே இல்லை, சுவர் நிழல். எட்டிப் பார்த்தேன். கிழிந்த தகர டின் ஒன்று மண்ணிலிருந்து நீட்டிக்கொண்டிருந்தது. அவர் கணுக்கால் முழுக்க வெள்ளி பூசியதுபோல் பொடி. காரமான நெடி மூக்கில் ஏறியது.

என் தம்பி செல்லப்பாண்டி பட்டாசு கம்பெனியில் மருந்து கலக்குகிறவன். மிஞ்சிய மருந்தில் ஈரம் பட்டால் தானாகவே சூடேறி வெடிக்கும் என்று எத்தனை தடவை சொல்லியிருக்கிறான்.

"கடப்பாரையக் கீழ போட்டுறாதீக. பிடிச்சுக்கிட்டே மேல வாங்க."

"எதுக்குடி?"

"உங்க கால்ல விழுறேன், வாங்க!"

நான் யார் காலிலும் விழுகிற ஆள் இல்லை. அதைக் கேட்டதுமே அவர் முகம் மாறிவிட்டது. ஏறி வந்தவரின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடினேன். தொழுவத்தைக்கூடத் தாண்டவில்லை, பின்னால் பூமி குலுங்கியது. சுவர் சரிந்து விழுந்தது. காது ஙொய்யென்றது. புகைக்குள் அவர் உடம்பைத் தடவித் தடவிப் பார்த்தேன். முழுசாக இருந்தார், பாவி மனுசன். கட்டிக்கொண்டு ஓவென்று அழுதேன்.

அவர் அழவில்லை. உதடு வெளுத்துப்போய் நின்றார்.

"வாசல் குழியிலயும் டங்குன்னுச்சு. கல்லுன்னு நெனச்சு மேலேயே செடிய வச்சிட்டேன்."

வாசலுக்கு ஓடினோம். நந்தியாவட்டைக்குப் பக்கத்தில் பாண்டிலட்சுமி காலி வாளியோடு நின்றாள். எங்களைக் கண்டதும் அவளுக்கு அழுகை வந்துவிட்டது.

"வெடிச் சத்தம் கேட்டுச்சும்மா. தீ இங்கன வந்துரும்னு செடிக்கு இன்னும் ரெண்டு வாளி ஊத்திட்டேன்."

அவளை அள்ளித் தூக்கினேன். வெறுங்கால் என் கையில் பட்டது. உள்ளங்கால் சுட்டது. தெருவைத் தாண்டியும் நிற்காமல் ஓடினேன்.