மூன்றாம் இலக்கத்தின் முறை

1

வாயை மூடிக்கொண்டு இருந்ததில் பிறந்த கதை இது. அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும் என்கிறாள் மேனுகா. அவள்தான் இதை எழுதுகிறவள். வெள்ளவத்தையில் ஒரு பல் வைத்தியரிடம் நோயாளிகளை நம்பர் சொல்லிக் கூப்பிடுகிற வேலை. அங்கே யாராவது நம்பர் தாண்டி உள்ளே நுழைந்தால் முதலில் சத்தம் போடுகிறவளும் அவளே. சனிக்கிழமைகளில் பதினைந்து வயதுக்குட்பட்ட பெண்பிள்ளைகளின் சொஃப்ட்போல் ஆட்டங்களுக்கு ஸ்கோர் எழுதுவாள்.

'நான்' என்று தொடங்கி மூன்று தரம் எழுதிப் பார்த்தாள். மூன்றும் மன்னிப்புக் கடிதம் மாதிரி வந்தன. மன்னிப்புக் கேட்கிற உத்தேசம் அவளுக்கு இல்லை. அதனால் 'அவள்'.

கிழித்துப்போட்ட வேறு தொடக்கங்கள் இரண்டு:

கொட்டாஞ்சேனைப் பிள்ளைகள் ஒரு ஓட்டம் பின்னால் நின்றபோது வானம் மெல்ல இருண்டு... (வானத்துக்கு இங்கே என்ன வேலை?)

சுபாஷினி சிறு வயதிலிருந்தே மிகத் திறமையான... (பச்சைப் பொய். அன்றைய ஆட்டத்தில் கொட்டாஞ்சேனை அணிக்காக இரண்டு தரம் ஆட வந்து, இரண்டு தரமும் பந்தில் மட்டை படாமலே அவுட்டானவள்.)

அவள் திறமைசாலியாக இருந்தால் உங்களுக்குப் பிடிக்கும், தெரியும். இல்லை. என்ன செய்யலாம்? முறை அவளுடையது, அவ்வளவுதான்.

2

சட்டம் சொல்லாமல் கதை நகராது. கோபிக்காமல் கேளுங்கள், நான்கே நான்கு.

சொஃப்ட்போலில் யாருக்குப் பின் யார் ஆடுவது என்று ஆட்டத்துக்கு முன்பே ஓர் அட்டையில் எழுதி நடுவரிடம் கொடுக்க வேண்டும். கிரிக்கெட் மாதிரி நினைத்த நேரத்தில் நினைத்த ஆளை இறக்க முடியாது. வரிசை என்றால் வரிசை.

வரிசை தவறி ஒருத்தி ஆடிவிட்டாள், எதிரணி அடுத்த பந்துக்கு முன் முறையிட்டது என்று வையுங்கள். அவள் அடித்தது செல்லாது. அவுட் ஆகிறவள் யார்? ஆடியவள் இல்லை. ஆடியிருக்க வேண்டியவள். (ஆம், மேனுகாவும் இரண்டு தரம் வாசித்தாள்.)

யாரும் முறையிடாமல் அடுத்த பந்து வீசப்பட்டால் பிழையே சரியாகிவிடும். தாண்டப்பட்டவளுக்கு அந்தச் சுற்றில் முறை கிடையாது.

பிழையான ஆள் இன்னும் ஆடிக்கொண்டிருக்கும்போதே சரியான ஆள் வந்து இடத்தைக் கேட்கலாம். தண்டனை இல்லை. ஆனால் முன்னவள் தவறவிட்ட பந்துகள் அவள் கணக்கில் ஏறும். மூன்று தவறினால் அவுட்.

(அடிக்குறிப்பாக வந்திருக்க வேண்டியது: நடுவரும் ஸ்கோர் எழுதுகிறவரும் பிழையைக் கண்டாலும் இரண்டு அணிக்கும் சொல்லக் கூடாது. மேனுகா இந்தக் குறிப்புக்குப் பின்னால்தான் ஒளிந்துகொண்டாள்.)

4

ஹெவ்லொக் டவுன் பக்கத்து மைதானம். கடைசி இன்னிங்ஸ். கொட்டாஞ்சேனை ஒரு ஓட்டம் பின்னால், இரண்டு பேர் அவுட், ஓடிக் கடக்க வேண்டிய நான்கு பேஸ்களில் இரண்டாவதில் ஒரு பிள்ளை காத்து நிற்கிறாள். இன்னொரு அவுட் விழுந்தால் ஆட்டம் முடிந்தது.

அட்டையில் மூன்றாவது பெயர் சுபாஷினி. ஹெல்மெட் போட்டு, மட்டையும் எடுத்துவிட்டாள். பயிற்சியாளர் தனஞ்சயன் அவளைப் பிடித்து பெஞ்சில் இருத்திவிட்டு, நான்காவதாக ஆட வேண்டிய ரிஸ்லாவை அனுப்பினார். ரிஸ்லா நன்றாக அடிப்பாள். "இஞ்ச ஆர் பாக்கப்போறாங்கள்," என்றார். சரியாகத்தான் சொன்னார். சுற்றி நின்ற அத்தனை பேரும் கிரிக்கெட் பார்த்து வளர்ந்தவர்கள். ஆள் மாறி இறங்கியது ஒரு கண்ணிலும் படவில்லை.

ரிஸ்லா இரண்டு பந்தைத் தவறவிட்டாள். மேனுகாவின் விரல் மூன்றாவது வரியில் இருந்தது. அவளுடைய மேசைக்குப் பின்னால் சுபாஷினியின் அம்மா சீனியம்மா. கிராண்ட்பாஸில் சலவை நிலையத்தில் வேலை. மகள் ஆடுவதை ஒரு நாளாவது பார்க்க வேண்டும் என்று அரைநாள் லீவு கேட்டு வாங்கி வந்தவள், மற்ற இரண்டு முறையும் முடிந்த பிறகுதான் வந்து சேர்ந்தாள்.

"மிஸ், அடுத்தது எங்க புள்ளதானே?"

"கொஞ்சம் பொறுங்கோ அம்மா," என்றாள் மேனுகா.

(இரண்டு அணிக்கும் சொல்லக் கூடாது. சீனியம்மா எந்த அணி? பிறகு புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தாள். தாய்மார் எந்த அணியிலும் சேர்த்தி இல்லை.)

ரிஸ்லா இரண்டு பந்தைத் தவறவிட்டாள். அடித்தாள். ஓட்டம் வந்தது, ஆட்டம் சமன்.

5

எதிரணி முறையிடவில்லை. அடுத்த பந்து வீசப்பட்டது. பிழை சரியானது. கொட்டாஞ்சேனை வென்றது, எல்லாருக்கும் ஐஸ்கிரீம். தனஞ்சயன் மேசைக்கு வந்து, "வாய் திறக்காம இருந்தது நல்லது தங்கச்சி, சட்டமும் அதுதானே," என்று சொல்லிவிட்டுப் போனார்.

பிறகு சுபாஷினி வந்தாள். ஹெல்மெட்டைக் கழற்றவில்லை. புத்தகத்தை எட்டிப் பார்த்தாள்.

"அக்கா, நான் அவுட்டா?"

"இல்லை."

"அப்ப நான் என்னா?"

ஸ்கோர் புத்தகத்தில் எல்லாவற்றுக்கும் குறியீடு உண்டு. இதற்கு இல்லை. பெட்டி வெறுமையாகவே கிடந்தது. சுபாஷினி பிறகு பயிற்சிக்கு வரவில்லை.

முடிவுகள் எழுதிப் பார்த்தாள் மேனுகா. அடுத்த பந்துக்கு முன்பே சுபாஷினி எதிரணியிடம் ஓடிப்போய் உண்மையைச் சொல்கிறாள்: அப்படியானால் அவுட் ஆவது அவளேதான், அணியும் தோற்றுப்போகும். வெட்டு. பத்து வருஷத்துக்குப் பிறகு இலங்கை அணிக்காக ஆடி... சீச்சீ. பறித்த முறைக்குப் பதக்கத்தால் வாயடைக்கிற வேலை இங்கே நடக்காது.

ஒன்று கேட்கட்டுமா? நான்கு ஓடியது, ஐந்தும் ஓடுகிறது. மூன்றாம் பகுதி எங்கே என்று நீங்கள் கேட்டீர்களா? சட்டப்படி மூன்றுக்கு இனி முறை இல்லை.

3

வரும். யார் தடுக்கிறார்கள் பார்ப்போம்.

ரிஸ்லா இரண்டு பந்தைத் தவறவிட்டு நிற்கிறாள். சீனியம்மா கேட்கிறாள், அடுத்தது எங்க புள்ளதானே என்று.

"ஓம் அம்மா. உங்கட பிள்ளைதான்," என்கிறாள் மேனுகா, மைதானம் முழுக்கக் கேட்கும்படி.

அவள் சொல்லி முடிக்கும் முன்பே சுபாஷினி எழுந்துவிட்டாள். (இதை மேனுகா எழுதவில்லை. பிள்ளை தானாகவே எழுந்தாள்.) தனஞ்சயன் இருக்கச் சொல்லிக் கத்துகிறார். அவள் திரும்பவில்லை. நடுவர் முன்னால் போய் நிற்கிறாள்.

"சேர், மூணாவது நான்."

நடுவர் அட்டையைப் பார்த்துத் தலையாட்டுகிறார். ரிஸ்லா ஒதுங்கி வழி விடுகிறாள். அவள் தவறவிட்ட இரண்டும் இப்போது சுபாஷினியின் தலையில். மேனுகா நினைத்தால் அழித்துவிடலாம், எழுதுகிறவள்தானே. அழிக்கமாட்டாள். சுபாஷினி சலுகை கேட்டு வரவில்லை.

பந்து வீசுகிறவள் கையைச் சுழற்றுகிறாள்.

அடித்தாளா என்று கேட்பீர்கள். மேனுகா சொல்லமாட்டாள். அடித்திருந்தால்தான் அவள் எழுந்து வந்தது நியாயம் என்று நினைக்கிற ஆட்கள் நீங்கள். பெட்டி வெறுமையாக இருக்கிறது, பென்சிலைப் பிடியுங்கள். அவுட் என்று எழுத வேண்டுமென்றால் தாராளமாக எழுதுங்கள். ஆடிவிட்டு அவுட் ஆனாள் என்று எழுதுங்கள்.